யூகே37 குறியெண் மேல்மாதிரிகளில் 1.00-லேயே நிற்கிறது: காரணம் கடலா, கருவியா?

கேள்வி:
வணக்கம். வெப்பமண்டலக் கடலடியில் எடுத்த ஒரு படிவுத்தூணைக் கொண்டு பழைய கடற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிட முயன்று வருகிறேன். எமிலியானியா ஹக்ஸ்லேயி போன்ற பாசிகள் விட்டுச்சென்ற அல்கீனோன்களில் (நீண்ட கார்பன் தொடருடைய கீட்டோன்களில்), 37 கார்பனும் இரண்டு இரட்டைப்பிணைப்பும் உடைய 37:2, மூன்று இரட்டைப்பிணைப்புடைய 37:3 ஆகியவற்றை வாயு வண்ணப்பிரிகையில் (கலவையின் சேர்மங்களை வாயு ஓட்டத்தில் பிரித்து அளக்கும் முறையில்) அளந்து, இரண்டின் கூட்டுத்தொகையில் 37:2-இன் பங்கை யூகே37 குறியெண்ணாகக் கொள்கிறேன். அதிலிருந்து 0.044-ஐக் கழித்து 0.033-ஆல் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும் என்பது, 1998-இல் முல்லரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் தந்த சமன்பாடு.

கடைசிப் பனியுகத்து மாதிரிகளில் குறியெண் 0.90, அதாவது 25.9 டிகிரி செல்சியஸ். மேலே உள்ள ஹோலோசீன் (பனியுகத்துக்குப் பிந்தைய காலத்து) மாதிரிகளிலோ கருவியின் வரைவில் 37:3-இன் முகடு தென்படவே இல்லை, குறியெண் 1.00, வெப்பநிலை 29.0 டிகிரி. மூன்று டிகிரி வெப்பமேற்றம் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் பனியுக மாதிரிகளில் அல்கீனோன் பல மடங்கு அதிகமாக இருப்பதும், அளவு குறையக் குறையக் குறியெண் ஏறுவதும் என்னை உறுத்துகின்றன. இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1:
உங்கள் உறுத்தல் நியாயமானது. வெதுவெதுப்பான நீரில் 37:3 இயல்பாகவே மிகக் குறைவாக உருவாகும். அந்தச் சிறிதளவும் கருவியில் சேர்மங்களைப் பிரிக்கும் நுண்குழலின் உட்சுவரில் ஒட்டி மீளாமல் போனால், பெரிய முகடான 37:2 ஏறக்குறைய அப்படியே இருக்க, 37:3 மட்டும் காணாமற்போகும். கருவி இழந்ததைக் கடல் சூடானதாக நாம் படித்துவிடுகிறோம்.

எனவே முதலில், 37:3 தெளிவாகத் தெரியும் ஒரு பனியுகச் சாற்றை (படிவிலிருந்து கரைத்துப் பிரித்த கரைசலை) எடுத்து, இரண்டு, ஐந்து, பத்து, இருபது மடங்கு என நீர்த்துச் செலுத்திப் பாருங்கள். ஒரே சாறு ஆகையால் குறியெண் மாறவே கூடாது. எந்த அளவுக்குக் கீழே அது ஏறத் தொடங்குகிறதோ, அதற்குக் கீழ்ப்பட்ட ஹோலோசீன் மதிப்புகளை நம்பாதீர்கள். அந்த மாதிரிகளில் கூடுதல் படிவை எடுத்துச் சாறிறக்கி, செறிவாக்கி மீண்டும் அளக்க வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு வரையும் எந்த வெப்பநிலை வரைபடத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பத்து மடங்கு நீர்த்தபோதே பனியுகச் சாற்றின் குறியெண் 0.90-இலிருந்து 0.94-க்கு ஏறிவிட்டது. ஹோலோசீன் மாதிரிகளைச் செறிவாக்கியபின் 37:3 தெரிகிறது, குறியெண் 0.95, வெப்பநிலை 27.5. ஆனால் இப்போது முகடுகளின் ஓரத்தில் தோள் போன்ற சிறு புடைப்பு ஒன்று எழுகிறது. அதையும் முகட்டின் பரப்பில் சேர்க்கலாமா?

பதில் 2:
சேர்க்காதீர்கள். இதே பாசிகள் உருவாக்கும் 36 கார்பன் கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள், 37 கார்பன் கீட்டோன்களுக்கு மிக அருகிலேயே வெளிவரும். 37:3 சிறிதாக இருக்கும்போது இத்தகைய கலப்பு கொஞ்சமாக இருந்தாலும் குறியெண்ணைக் கெடுத்துவிடும். மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் சாற்றைச் சோப்பாக்கினால் எஸ்டர்கள் உடைந்து அமில உப்புகளாகிவிடும். அல்கீனோன்களை ஹெக்சேனில் தனியே பிரித்தெடுக்கலாம். ஹோலோசீன், பனியுகம் இரண்டையும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பாதிக்கு ஒரு முறை, மீதிக்கு வேறு முறை என்றால் வேறுபாடு செய்முறையிலிருந்தே வந்துவிடும்.

கேட்டவர்:
தோள் மறைந்துவிட்டது. ஹோலோசீன் 0.97, பனியுகம் 0.91. மூன்று டிகிரியாக இருந்த வேறுபாடு 1.8 ஆகக் குறைந்துவிட்டது. இதையே முடிவாகக் கொள்ளலாமா?

பதில் 2:
அளவீட்டை முடிவாகக் கொள்ளலாம், வெப்பநிலையை அல்ல. முல்லர் சமன்பாடு ஒரே சரிவுள்ள நேர்கோடு. வெப்பம் மிகுந்த முனையில் குறியெண் அவ்வளவு சீராக ஏறுவதில்லை. 2018-இல் டியர்னி, டிங்லி ஆகியோர் வெளியிட்ட பேஸ்பிளைன் அளவுத்திருத்தத்தில் (குறியெண்ணை வெப்பநிலையாக மாற்றும் மற்றொரு முறையில்), சுமார் 23.4 டிகிரிக்கு மேல் சரிவு தளர்கிறது. அதாவது குறியெண்ணின் ஒரே அளவு மாற்றம் அங்கே கூடுதல் வெப்பநிலை மாற்றத்தைக் குறிக்கும். உங்கள் இரண்டு மதிப்புகளும் அந்தப் பகுதியிலேயே இருப்பதால், கருவிப் பிழை பெரிதாக்கிக் காட்டிய வேறுபாட்டை நேர்கோடு இப்போது சிறிதாக்கிக் காட்டுகிறது. பேஸ்பிளைனில் மீண்டும் கணக்கிட்டு, கிடைக்கும் வரம்பை முழுமையாகத் தாருங்கள். குறியெண் 1.00-ஐ நெருங்கும் மதிப்புகளில் அந்த வரம்பு அகலமாகவே இருக்கும். அதைச் சுருக்கிக் காட்டும் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
இரண்டு அளவுத்திருத்தங்களின் முடிவுகளையும் அருகருகே தருகிறேன். நீர்த்தல் சோதனையின் வரைபடத்தையும் அதனுடன் இணைக்கிறேன். செறிவாக்க முடியாத நான்கு மாதிரிகளை விலக்கிவிட்டேன்.