எஸ்க்யூலைட் ஃபைல் ஷேர் ஃபோல்டரில்: லாக் பிரச்சினை, வழி சொல்லுங்க

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை பில்லிங். எஸ்க்யூலைட் (மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல்ல இருக்கும்) ஃபைல் கல்லா கம்ப்யூட்டரில் இருக்கு. குடோன் கம்ப்யூட்டர் விண்டோஸ் ஷேர் வழியா அதையே திறக்குது. வால் மோடில் (மாற்றங்களை முதல்ல தனி ஃபைல்ல எழுதற முறை) குடோன்ல ஏத்தின ஸ்டாக் கல்லாவுல தெரியல. அது நியாயம்தான்: அந்த மோடுக்குத் துணையா வர்ற '-எஸ்ஹெச்எம்' ஃபைலை, டேட்டாபேஸைத் திறக்கிற எல்லாரும் ஒரே மெமரியா பார்க்கணும், ஒரே மெஷினுக்குள்ளதான் அது நடக்கும். எல்லா கனெக்‌ஷனையும் மூடிட்டு ஜர்னல் மோடை டெலீட்டுக்கு (வால் இல்லாத பழைய முறை) மாத்தியாச்சு, பிஸி டைம்அவுட் (லாக் இருந்தா காத்திருக்கிற நேரம்) 5000 மில்லிசெகண்ட். இப்போ சாயங்காலக் கூட்டத்துல 'டேட்டாபேஸ் ஈஸ் லாக்டு', எரர் 5, அதாவது வேற கனெக்‌ஷன் ஃபைலைப் பூட்டி வெச்சிருக்கு. நீளமான ரிப்போர்ட் படிச்சு முடிக்கிற வரை கமிட் (எழுதினதை உறுதியாக்குறது) காத்து நிக்கும்னு அதையும் சுருக்கிப் பார்த்தாச்சு. ஷேர்ல லாக்கே சரியா நிக்கலையோன்னு சந்தேகம்.

கல்லா மெஷின்ல சின்ன ஹெச்டிடிபி சர்வீஸ் வெச்சு, அது மட்டும் ஃபைலைத் திறக்க, மத்த கம்ப்யூட்டர் அதுகிட்ட கேட்டு வாங்கற மாதிரி பண்ணினவங்க இருக்கீங்களா? இல்ல போஸ்ட்கிரஸுக்கே (தனி சர்வரா ஓடுற டேட்டாபேஸ்) போயிடலாமா? மொத்தமே மூணு கம்ப்யூட்டர்தான்.