தேவனுடைய பிள்ளை என்ற அடையாளம் ஒரு தகப்பனுக்கு நடைமுறையில் எப்படி உதவுகிறது?

புதுத்தளிர்:
கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கிறோம். நான் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் எங்களை விட்டுப் போய்விட்டதால், அம்மாதான் என்னை ஆளாக்கினார். சபையில் மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்டால், "கிறிஸ்துவுக்குள் நீர் யார் என்பதில் உறுதியாக நில்லும், மற்றவை தானாக வரும்" என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிவாதம் பிடித்து அழுகிற பிள்ளையின் முன் நிற்கும் ஒருவனுக்கு அந்த உறுதி என்ன செய்து கொடுக்கிறது? ஒரு தகப்பன் எப்படி நடந்துகொள்வார் என்று வீட்டில் பார்த்தே அறியாதவன், பரமபிதாவை நினைத்து மட்டும் நல்ல தகப்பனாகிவிட முடியுமா?

ஒலிவக்கன்று:
சகோதரரே, அவர்கள் சொன்னது சரிதான். பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதே என் வருத்தம். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து உண்டானதை மத்தேயு 3:17-ல் வாசிக்கிறோம். அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ மத்தேயு எழுதவில்லை. பிதாவின் பிரியம் ஊழியத்துக்குக் கிடைத்த கூலியாக இல்லாமல், ஊழியத்துக்கு முன்பே வந்து நின்றது. ரோமர் 8:15-ல் பவுல் சொல்லும் புத்திர சுவிகாரத்திலும், அதாவது தேவன் நம்மைப் பிள்ளைகளாகத் தத்தெடுப்பதிலும், இதே வரிசைதான்: முதலில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், பிறகு பிள்ளைக்கேற்றபடி நடக்கக் கற்றுக்கொள்கிறோம்.

இது அன்றாடத்தில் எங்கே உதவுகிறது என்றால், கோபத்தில். ஆராதனை நேரத்தில் பிள்ளை கூச்சலிடும்போது நமக்கு எழும் கோபத்தில் ஒரு பங்குதான் பிள்ளையின் குறும்பைப் பற்றியது. மறுபங்கு, சுற்றியிருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். தன் மதிப்பைப் பிதாவிடம் ஏற்கெனவே பெற்றுக்கொண்டவனுக்கு, அதைப் பிள்ளையின் நடத்தையிலிருந்தோ மதிப்பெண்ணிலிருந்தோ கறக்க வேண்டிய தேவை இல்லாததால், அந்த மறுபங்கு மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. மீதமிருக்கும் குறும்பை நிதானமாகக் கண்டிக்கலாம். ரோமச் சட்டம் குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகளின் உயிர்மேலும் அதிகாரம் அளித்திருந்த காலத்தில், "பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளர்க்கும்படி பவுல் தகப்பன்மாருக்கு எழுதியதை (எபேசியர் 6:4) இந்த நோக்கில் வாசித்துப் பாருங்கள்.

கற்பாறை:
மேலே சொல்லப்பட்டதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தன் அடையாளத்தில் குறை இல்லாதவர் ஏலி. சீலோவில் கர்த்தருடைய ஆசாரியர். தம் குமாரர் செய்த அக்கிரமத்தை அறிந்து அவர்களைக் கடிந்தும் பேசினார், ஆனால் அவர்களை அடக்கவில்லை என்பதே அவர்மேல் வந்த குற்றச்சாட்டு (1 சாமுவேல் 3:13). தாவீதும் தம் மகன் அதோனியாவை, "நீ இப்படிச் செய்வானேன்" என்று ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை என 1 இராஜாக்கள் 1:6 சொல்கிறது. தேவனோடு நெருக்கமாக இருப்பது பிள்ளை வளர்ப்பில் தானாக வெளிப்பட்டுவிடாது. அதே எபேசியர் வசனம் சிட்சையையும் (கண்டித்துத் திருத்துவதையும்) போதனையையும் சேர்த்தே சொல்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (தீர்க்கதரிசியான சாமுவேலைச் சிறுவயதில் வளர்த்தவரும் இதே ஏலிதான். ஆகவே வளர்ப்புக்கும் விளைவுக்கும் நேர்க்கோடு போடவும் நான் துணியமாட்டேன்.)

எஸ்தர் அக்கா:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசத்துக்குப் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும். பிறகு பவுலே அவரைத் தம் குமாரன் என்று அழைத்து, கூடவே கூட்டிக்கொண்டு நடந்தார். உங்கள் அம்மா கொடுத்ததைக் குறைவாக எண்ணாதீர்கள். பார்த்துக் கற்க வேண்டியதைச் சபையில் உள்ள தகப்பன்மாரிடம் கற்கலாம். மேடையில் பேசுகிறவர்களைவிட, சோர்ந்து வீடு திரும்பியும் பிள்ளையின் பேச்சுக்குக் காதுகொடுக்கிறவர்களைத் தேடுங்கள்.

புதுத்தளிர்:
மிக்க நன்றி அக்கா, சகோதரர்களே. அப்படியானால் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்கக்கூடியது ஏதாவது உண்டா?

ஒலிவக்கன்று:
உண்டு. கற்பாறை ஐயா சொன்ன எச்சரிப்பை முதலில் ஏற்றுக்கொள்கிறேன். சிட்சையை நான் மிகச் சுருக்கமாகத் தொட்டுவிட்டேன். உபாகமம் 6:6, 7-ல் வார்த்தைகள் முதலில் தகப்பனுடைய இருதயத்தில் இருக்க வேண்டும், அதன் பிறகே வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசப்பட வேண்டும். எனவே வேதவாசிப்பையும் ஜெபத்தையும் உங்கள் மனைவியோடு சேர்ந்து இப்போதே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தவறுக்கு எப்படிக் கண்டிப்பது என்பதையும் இருவரும் இப்போதே பேசி ஒத்துப்போங்கள், ஏனென்றால் தூக்கமில்லாத இரவுகளில் அந்தப் பேச்சைத் தொடங்குவது மிகவும் கடினம்.