செடிகளுக்குக் குத்திய பெயர்க்குச்சியில் எழுத்து நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

புளியரைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரையில் வீடு. மொட்டை மாடியில் 26 பைகள் வைத்திருக்கிறேன், பின்கட்டில் கொஞ்சம் தரையும் உண்டு. ஆடிப்பட்டத்துக்கு நட வேண்டுமென்று வைகாசிக் கடைசியிலேயே நாற்று விட்டேன். கத்தரியில் மட்டும் நாலு வகை: வரிக் கத்தரி, பச்சைக் கத்தரி, வெள்ளைக் கத்தரி, முள் கத்தரி. மிளகாயில் சம்பாவும் காந்தாரியும். மிளகாய்க்கு ஐஸ் குச்சியிலும், கத்தரிக்குத் தயிர் டப்பாவை நீளமாக வெட்டிய பட்டையிலும் பெயர் எழுதிக் குத்தினேன். எல்லாம் அழியவே அழியாது என்று கடையில் சொல்லிக் கொடுத்த மார்க்கரில்.

ஆவணி முடியப் போகிறது. ஐஸ் குச்சியில் பாதி மண் மட்டத்திலேயே இற்று விழுந்துவிட்டது. மிச்சத்தில் எழுத்து இல்லை. தயிர் டப்பாப் பட்டை எதுவுமே எழுதாத மாதிரி வெள்ளையாக நிற்கிறது. இரண்டு மாதமாகச் சாரல் விட்டு விட்டு அடித்தது, அதுதான் கழுவிக்கொண்டு போய்விட்டது போல. தண்ணீரில் போகாத மை எது? காசு கொடுத்துப் பெயர்ப்பலகை வாங்கும் எண்ணம் இல்லை, வீட்டில் கிடப்பதை வைத்தே செய்ய வேண்டும். அப்புறம், இப்போது நிற்கும் செடிகளில் எது எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

கடையநல்லூர் தம்பி:
அக்கா, எழுதின பிறகு மேலே நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கோட் அடித்துவிடுங்கள். தண்ணீர் இறங்காது. இல்லையென்றால் செலோ டேப் ஒட்டலாம்.

தென்மலைக்காரன்:
மை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தயிர் டப்பாப் பட்டை ஒன்றைப் பிடுங்கிக் கழுவி, மண்ணுக்குள் இருந்த முனையைப் பாருங்கள். அங்கே ஏதாவது எழுத்து இருக்கிறதா?

புளியரைக்காரி:
ஐயோ, இருக்கிறது! பட்டையை நிறுத்திப் பிடித்து மேலிருந்து கீழாக எழுதியிருந்தேன். கடைசி எழுத்துகள் மண்ணுக்குள் போயிருக்கின்றன. 'தரி' என்று கன்னங்கரேலென்று அப்படியே நிற்கிறது, நேற்று எழுதின மாதிரி. அதற்கு மேலே ஒரு விரற்கடைக்கு ஊதா நிறத்தில் லேசாக நிழல். அதற்கும் மேலே ஒன்றுமில்லை. ஆசையாக இன்னொன்றைப் பிடுங்கினேன், அதிலும் 'தரி'. பதினோரு பட்டை பிடுங்கிவிட்டேன், பதினொன்றிலும் 'தரி'. வரியா பச்சையா வெள்ளையா முள்ளா என்பதெல்லாம் மேலே இருந்தது, போய்விட்டது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

தென்மலைக்காரன்:
சிரிக்கட்டும். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் 'தரி'யில்தான் இருக்கிறது. மூன்று மாதமாக ஓயாமல் ஈரத்தில் கிடந்தது அந்த முனை. தண்ணீர் கழுவுவதாக இருந்தால் முதலில் போக வேண்டியது அதுதான். அது போகவில்லை, வெளியே இருந்தது போயிருக்கிறது. ஆகவே உங்கள் மையைத் தின்றது வெயில். இந்த மார்க்கர்களில் பெரும்பாலும் சாயம்தான் நிறம் கொடுக்கிறது. அழியாது என்றால் தண்ணீர் பட்டால் அழியாது என்று மட்டும்தான் அர்த்தம். புற ஊதாக் கதிர் பட்டால் சாயம் சிதைந்து வெளுத்துவிடும், திண்ணைத் திரைச்சீலை வெளுக்கிற மாதிரி. சாரல் நாளில் மேகம் இருக்கிறதே என்று கேட்கலாம். மேகத்தைத் தாண்டியும் அந்தக் கதிர் ஓரளவு வருகிறது. அதோடு இரண்டு சாரலுக்கு நடுவே சுள்ளென்று ஒரு வெயில் அடிக்குமே, அது போதும்.

ஐஸ் குச்சியின் கதை வேறு. மரம் இற்றுப்போகக் காற்றும் ஈரமும் சேர்ந்து வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடம் மண் மட்டம், அதனால் அங்கேதான் ஒடியும். நாற்றுத் தட்டில் ஒரு மாதத்துக்குக் குச்சி போதும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

புளியரைக்காரி:
தம்பி சொன்ன நகப்பூச்சையும் புதுப் பட்டையில் போட்டுப் பார்த்தேன். தூரிகை பட்டதும் எழுத்து கரைந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. 'முள்' என்று எழுதினது மசிக்கறை ஆகிவிட்டது.

கடையநல்லூர் தம்பி:
மன்னிக்கணும் அக்கா, நான் பென்சிலில் எழுதின குச்சிக்குத்தான் அடித்திருந்தேன். அதைச் சொல்ல விட்டுப்போச்சு.

ஆய்வகத்து அண்ணாச்சி:
பென்சில் என்று தம்பி தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாராயத்தில் ஊறப்போடும் மாதிரிகளின் குப்பிக்குள்ளேயே பெயர்ச்சீட்டும் போடுவோம், அதைப் பென்சிலில்தான் எழுதுவோம். பேனா மை கரைந்துவிடும். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதாவது கரி. வெயில் அதை வெளுக்காது, தண்ணீரும் கரைக்காது. 2பி அல்லது 4பி வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எச்பி கொஞ்சம் மங்கலாக விழும்.

புளியரைக்காரி:
அண்ணாச்சி, தயிர் டப்பாவில் பென்சில் வழுக்குகிறதே?

ஆய்வகத்து அண்ணாச்சி:
வழுவழுப்பான பரப்பில் கரி பிடிக்காது. சாணைத்தாளால் நாலு இழு இழுத்து மங்கலாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அழுத்தி எழுதினால் பிடிக்கும். வெயிலில் அந்த பிளாஸ்டிக்கும் நாளடைவில் நொறுங்கும், ஒரு பட்டத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டப்பாதான் தினமும் வருகிறதே.

களியக்காவிளை:
அக்கா, பந்தலுக்கும் மரத்துக்கும் குளிர்பானத் தகர டப்பா நல்லது. அலுமினியம், துருப்பிடிக்காது. மேலும் கீழும் வெட்டிவிட்டு, நடுவே வருகிற தகட்டை விரல் நீளத்துக்குத் துண்டு போடுங்கள். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு சுற்றிலும் மடக்கிவிடுங்கள். மடித்த செய்தித்தாளின் மேல் வைத்து, தீர்ந்துபோன பால் பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து குழியாக இறங்கும். மையே இல்லை, வெளுக்க என்ன இருக்கிறது? பொடியாக எழுதாதீர்கள், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். மரத்தில் கட்டும்போது கம்பியைத் தளர்வாக விடுங்கள். கிளை பருத்தால் கம்பி இறுக்கி மரப்பட்டையை அறுத்துவிடும், என் வீட்டு எலுமிச்சையில் ஒரு கிளை அப்படித்தான் போயிற்று.

தரையில் இருக்கிற கறிவேப்பிலை, முருங்கைக்கு உடைந்த ஓட்டுத் துண்டில் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டால் எழுதலாம். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் உங்கள் ஊரில் பட்டையெல்லாம் பறக்கும், ஓடு பறக்காது.

புளியரைக்காரி:
தகட்டுக்கு இன்னொரு சிக்கல், பெயர்! பின்கட்டில் படர்ந்திருப்பது எனக்குத் தடியங்காய். புனலூரிலிருந்து வந்த என் மாமியாருக்கு அது கும்பளங்காய். மதுரைத் தங்கச்சி வந்தால் வெண்பூசணி என்கிறாள். எதை எழுத?

தென்மலைக்காரன்:
பாலக்காட்டுப் பக்கம் போனால் அதையே இளவன் என்பார்கள். முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த செங்கோட்டைப் பக்கத்தில் பெயர் கலந்துதான் கிடக்கும். யார் தண்ணீர் ஊற்றுகிறாரோ அவர் சொல்கிற பெயரை எழுதுங்கள். விதை கொடுத்தவர் பெயரும் விதைத்த தேதியும் பின்பக்கம் இருக்கட்டும், பிறகு அதுதான் உதவும்.

நிற்கிற செடிகளுக்கு வருவோம். காந்தாரியில் பிஞ்சு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், சம்பாவில் தொங்கும், அது சுலபம். கத்தரியில் தண்டையும் இலை நரம்பையும் பாருங்கள். ஊதா ஓடியிருந்தால் பெரும்பாலும் ஊதாக் காய், அதாவது வரியாக இருக்கலாம். முழுப்பச்சைத் தண்டு என்றால் பச்சை அல்லது வெள்ளை. தண்டிலும் இலை நடுவிலும் முள் குத்தினால் முள் கத்தரி என்று வைத்துக்கொள்ளலாம். பச்சையையும் வெள்ளையையும் பிரிக்க எனக்குத் தெரிந்து காய்தான் வழி.

புளியரைக்காரி:
இன்று காலை உட்கார்ந்து பார்த்தேன். கத்தரிப் பை 14. ஐந்தில் ஊதா, மூன்றில் முள் (விரலிலும் ஏறியது). மீதி ஆறு பச்சைத் தண்டு, அதில் ஒன்றில் பிஞ்சு விட்டு வெள்ளை என்று தெரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் சாணைத்தாள் தேய்த்த பட்டை, 4பி பென்சில். வகைப் பெயரை மேலே ஒரு தரம், மண்ணுக்குள் போகிற முனையில் ஒரு தரம் எழுதினேன். 'கத்தரி' என்று எதிலும் எழுதவில்லை, அதுதான் பார்த்தாலே தெரிகிறதே. பிஞ்சு விடாத அந்த ஐந்தில் மட்டும் இரண்டு முனையிலும் 'பச்சையோ வெள்ளையோ' என்று எழுதிக் குத்தியிருக்கிறேன். காய்த்ததும் வந்து சொல்கிறேன்.