மாநாட்டுக்கு வந்தவர்கள் "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால்

மதுரைக்கு மருத்துவ மாநாடு, கல்லூரிக் கருத்தரங்கு என்று வருகிறவர்களுக்கு உள்ளூர்த் துணையாக நிற்கும் வேலை அடிக்கடி என் தலையில் விழும். கழுத்தில் அடையாள அட்டை ஏறிய கையோடு "நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் உடனே கடைப் பெயர் சொல்வதில்லை. சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள், ரூம் ஸ்டேஷன் பக்கமா தல்லாகுளமா, எதைத் தொட மாட்டீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு நேரம் முக்கியம். மத்தியானம் மண்டபத்திலேயே பனீர் பட்டர் மசாலா போட்டு ஆளை அமுக்கிவிடுவார்கள். ஆக மிஞ்சுவது ராத்திரிதான். நல்லவேளை, மதுரை சாப்பிடுவதும் ராத்திரியில்தான்.

டெல்லியிலிருந்து வந்த இளம் டாக்டர்கள் சிலரைச் சிம்மக்கல் கோனார் கடைக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததுமே ஆளுக்கு இரண்டு கறி தோசை சொன்னார்கள். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், முதல்ல ஒண்ணு சாப்பிடட்டும்" என்றார். கல்லில் தடிமனாக மாவு ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, வெந்த கொத்துக்கறியை மசாலாவோடு அள்ளிப் போட்டு, திருப்பிப் போட்டு அமுக்குவார்கள். ஓரத்தில் எண்ணெய் பொரியும்போது வரும் வாசனைக்கே பாதி பசி ஏறிவிடும். ஆனால் ஒன்றை முடிப்பதற்குள் தண்ணீர் கேட்டார்கள். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

கொல்கத்தாக்காரர் ஒருவர் வேறு மாதிரி. மீன் என்றால் போதும், மதிய அமர்வைக் கட்டடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மாநாடு தமுக்கத்தில் என்பதால் தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ் எல்லாம் கூப்பிடு தூரம். அயிரை மீன் குழம்பு வாங்கிக் கொடுத்தேன். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கவைத்துத்தான் குழம்பில் விடுவார்கள். வடக்கத்திக்காரர்கள் பெரும்பாலும் முள்ளை நினைத்துத் தயங்குவார்கள். இவர் தலையோடு வாலோடு மென்றுவிட்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்று ஒரு விமர்சனமும் சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, புளி இல்லாமல் அயிரை ஏது?

என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர் அகமதாபாத்திலிருந்து வந்த ஜைனப் பேராசிரியர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடே கிடையாது. இட்லி கொடுக்கலாம் என்றால் சாம்பாரில் வெங்காயம் மிதக்கிறது. டீ இடைவேளையிலேயே அவரைக் கிளப்பி, திருமலை நாயக்கர் மஹால் பக்கத்துத் தெருவில் முள்ளு முருங்கை அடை போடும் அம்மாவிடம் கூட்டிப் போனேன். அரிசியோடு இலையை அரைத்துத் தட்டிய பச்சை அடை, மேலே பொடி தூவித் தருவார்கள். பொடியில் பூண்டு உண்டா என்று கேட்டு, தூவாமலே வாங்கினோம். அந்தப் பகுதியில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய முன்னோர் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றதும் மனிதர் அடையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் பேசிய குஜராத்தியும் அந்த அம்மாவின் சௌராஷ்டிரமும் பாதிதான் ஒட்டின. மீதிக்குக் கைஜாடை. அதற்குள் அடை ஆறிவிட்டது, அவர் கவலைப்படவில்லை.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் பிரேமா விலாஸ் அல்வா. பெட்டியில் கட்டிக்கொள்ளும் முன் சூடாக இலையில் கொஞ்சம் வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள், அதன் ருசியே தனி.

கூட்டத்தில் பாதி சைவம், பாதி அசைவம் என்றால் ஒரே கடையில் எல்லோரையும் உட்கார வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அரைமனதாகத்தான் சாப்பிடும். சைவக்காரர்களை முருகன் இட்லி கடைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைச் சிம்மக்கல்லுக்கு அழைத்துப் போங்கள். அப்புறம் எல்லோரும் விளக்குத்தூணில் ஜிகர்தண்டாவுக்குச் சேர்ந்துகொள்ளலாம். பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த டம்ளரில் யாருக்கும் சண்டை வராது. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால், ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.