“பேச்சு தானாக வரும், பொறுங்கள்” என்று உங்களுக்கும் சொன்னார்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

கயல்விழி_அம்மா:
மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ‘அம்மா’, ‘பூ’, ‘காக்கா’ என்று வந்துகொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. “ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவன் அப்பனே மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்றார் மாமியார். மருத்துவரும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. பிஸ்கட் டப்பாவைத் திறக்க வேண்டி, அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, என் விரல்களை மூடியின் மேல் வைத்து அழுத்தினான். ஒருமுறைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டரை வயதில், பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்று உறுதியானது.

தஞ்சைத்_தகப்பன்:
சகோதரியின் வேதனை புரிகிறது. ஆனால் பேசாத பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று யாரும் பதற வேண்டாம். என் மகள் இரண்டு வயதில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் மொட்டைமாடியில் நிற்கும்போது விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நாங்களும் பார்த்தோமா என்று எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். செவித்திறன் பரிசோதனையில், இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகு பேச்சு வந்தது.

மலர்_சேலம்:
ஐயா, அவர் அப்படிச் சொல்லவே இல்லையே. வந்த சொற்கள் மறைவது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறி. உங்கள் மகளுக்கு அது நேரவில்லை. என் மகன் டிவி விளம்பரத்தை ராகம் மாறாமல் ஒப்பிப்பான், ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியாது. “நன்றாகத்தானே பேசுகிறான்” என்பார்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் ஆட்டிசம் இருக்கலாம் என்ற ஐயத்தை மட்டுமே காட்டும், அதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். காதுப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். இதில் தஞ்சை ஐயா சொல்வது முற்றிலும் சரி. முடிவு வரும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், அங்கே கட்டணம் இல்லை. ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் பெறலாம். இந்தியாவில் அதற்கான மதிப்பீட்டுக்கு 40 கூறுகள் கொண்ட ‘இசா’ அளவுகோல் பயன்படுகிறது. இன்னொன்று, “குழம்பிவிடுவான், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, பேச்சும் கெடாது. பாட்டிக்கு வராத மொழியில் பேசச் சொன்னால் வீட்டில் அவனோடு பேசுகிறவர்களில் ஒருவர்தான் குறைவார்.