பினீசிய வரிகள் டேட்டாபேஸில் ???? ஆகிறது, உதவி தேவை

கல்லச்சு: அவசரம். எஷ்முனாசார் பேழையில் (பழைய பினீசிய அரசனோட கல் சவப்பெட்டி) இருக்கிற 22 வரியையும் பினீசிய எழுத்திலேயே தட்டச்சு செஞ்சு வச்சிருக்கேன். சேமிச்சுத் திறந்தா எல்லாம் ????. பக்கத்துப் பத்தியில் இருக்கிற எபிரேய வடிவம் ஒழுங்கா வருது. என்ன செய்யணும்?

சீதோன்: எந்த டேட்டாபேஸ்? எந்தப் பதிப்பு?

மைக்கூடு: எழுத்துரு இல்லாததுதான். நோட்டோ சான்ஸ் பினீசியன் நிறுவுங்க.

22மெய்: எழுத்துரு இல்லேன்னா கட்டம் வரும், கேள்விக்குறி வராது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாம பதில் சொல்ல வராதீங்க. கேள்விக்குறின்னா எழுத்தே அழிஞ்சு போச்சு. கேட்டவரும் டேபிளோட குறியாக்கத்தை (எழுத்தைப் பைட்டா மாத்தற முறை) சொல்லிட்டுக் கேட்டிருக்கணும்.

கல்லச்சு: மைஎஸ்கியூஎல் 5.7. யுடிஎஃப்8-ன்னு தான் இருக்கு.

சீதோன்: சிக்கலே அதுதான். அங்கே யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். எபிரேயத்துக்கு 2 பைட் போதும். பினீசியம் யூனிகோட் எண் யு+10900-இல் தொடங்குது, 4 பைட் வேணும். தப்பான தரவை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோட் இருந்திருந்தா சேமிக்கும்போதே பிழைச்செய்தி வந்திருக்கும். அதை யாரோ அணைச்சிருக்காங்க, திரும்பப் போடுங்க.

முதல்ல பேக்கப். அப்புறம் டேபிளை 4 பைட்டும் ஏற்கிற யுடிஎஃப்8எம்பி4-க்கு மாத்துங்க. நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள இணைப்பையும் அதுக்கே மாத்தணும், இதைத்தான் பலர் மறந்துடறாங்க. பழைய டேபிளில் 255 எழுத்துக்கு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கற பட்டியல்) இருந்தா, எழுத்துக்கு 4 பைட் கணக்கில் 767 பைட் வரம்பைத் தாண்டும், 191-ஆக்குங்க. ????-ஆனது திரும்பாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏத்தணும்.

22மெய்: கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடற, வரிசைப்படுத்தற விதி) விட்டுட்டீங்க. ஜெனரல்_சிஐ, பழைய யூனிகோட்_சிஐ ரெண்டிலும் 4 பைட் எழுத்துக்கெல்லாம் ஒரே எடை. ‘அரசன்’னு மேம்-லாமெத்-காஃப் தேடினா எந்த மூணெழுத்துச் சொல்லும் வந்து நிக்கும். யூனிகோட்_520_சிஐ போடுங்க.

மைக்கூடு: இவ்வளவு பாடு எதுக்கு? 22 எழுத்தும் எபிரேயத்தோட ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. செமிட்டிய ஆய்வாளர் பலரும் எபிரேய எழுத்தில்தானே பதிப்பிக்கிறாங்க?

22மெய்: அச்சுப் புத்தகத்துக்கு அது சரி. முதல் வரியிலேயே 14-ஆம் ஆட்சியாண்டு சொல்லாலும் எண்குறியாலும் வருது. பத்துக்கும் ஒண்ணுக்கும் உள்ள அந்தக் குறிகளை எபிரேயத்தில் எங்கே தேடுவீங்க? யூனிகோடில் 2006-லேயே பினீசியத்துக்குத் தனி இடம் கொடுத்தாச்சு.

மைக்கூடு: எண்ணுக்காக மட்டும் ஒரு தனித் தொகுதியா? மேஷா கல்லையும் (மோவாப் அரசனோட கல்வெட்டு) எபிரேயக் கல்வெட்டையும் சேர்த்துத் தேடறவங்க ரெண்டு தடவை தேடணும்.

சீதோன்: எபிரேய விசைப்பலகையில் 5 எழுத்துக்குச் சொல்லிறுதி வடிவம் தனியா இருக்கு. ஒருத்தர் இறுதி மேம் அடிச்சு, இன்னொருத்தர் சாதா மேம் அடிச்சா, பைட் அளவில் ரெண்டும் வேற. மூலம் பினீசியத்தில் இருக்கட்டும். எபிரேயத்தை நிரல் வழியா உருவாக்கித் தேடலுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

கல்லச்சு: 520 போட்டேன். 22 வரியும் வந்துடுச்சு. நன்றி.

சீதோன்: இணைப்பையும் மாத்தினீங்களா? இந்தக் கல்வெட்டில் சொற்பிரிப்புக் குறி கிடையாது. சொல் வரி தாண்டி உடையற இடங்களை எபிடாக்கில் (கல்வெட்டுகளைக் கணினியில் குறியிடற நெறிமுறை) எப்படிக் குறிச்சிருக்கீங்க?