தமிழில் மேற்பார்வை செய்ய ஆள் தேவை (கிளிநொச்சி)

உளவளத்துணையில் பட்டப்பின் டிப்ளோமா படிக்கிறேன். பாடங்கள் முடிந்துவிட்டன, களப்பயிற்சிதான் இழுபடுகிறது. 120 மணித்தியாலம் வேண்டும், 74 முடித்திருக்கிறேன். மாசியில் என் மேற்பார்வையாளர் வெளிநாடு போய்விட்டார். மிச்சத்தை ஆவணிக்குள் காட்ட வேண்டும்.

நான் இருப்பது தர்மபுரம் பக்கம். வைத்தியசாலை ஒன்றில் கேட்டேன், தங்கள் பயிலுநர்களுக்கே நேரமில்லையாம். வவுனியாவில் ஒருவர் சம்மதித்தார். முதுமாணி இல்லாததால் அவருடைய கையெழுத்து செல்லாதாம். கொழும்பில் ஒருவரோடு சூமில் இரண்டு தரம், ஆங்கிலத்தில். 2009இல் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் "நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கொண்டு நிக்குது" என்பார்கள். அதைச் சொன்னதும் அவர், "ஈசிஜி எடுத்தாச்சா?" என்றார். சரி, அவரில் பிழையில்லை.

முதுமாணி முடித்து, கிழமைக்கு ஒரு மணித்தியாலம், நேரிலோ சூமிலோ, தமிழில் மேற்பார்வை செய்யக்கூடிய ஒருவரை யாருக்காவது தெரியுமா?